பேட்டரியைக் கடைசியாக வாங்குங்கள்

லங்காவிப் பக்கம் நங்கூரம் போட்டு நிற்கும் பாய்மரப் படகுக்காரர்களிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும், இப்போதெல்லாம் லித்தியம் பேட்டரியில் வந்து நிற்கிறது. பினாங்கிலிருந்து நான் ஓட்டும் 34 அடிப் படகிலும் பழைய ஈய பேட்டரிகளை எடுத்துவிட்டு லித்தியம் போட்டிருக்கிறேன். முழுத் திருப்தி. ஆனால் செலவிலும் உழைப்பிலும் பேட்டரிக்கென்று போனது பாதிகூட இல்லை. மீதியெல்லாம் ஒயருக்கும் ஃபியூஸுக்கும் சார்ஜ் ஏற்றும் கருவிகளுக்கும் போனது. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது அந்த மீதியைப் பற்றித்தான்.

பாய் விரித்து ஓடும்போது எஞ்சின் அணைந்திருக்கும். ஜிபிஎஸ், ரேடியோ, தானாகத் திசை பிடிக்கும் ஆட்டோபைலட், ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாமே பேட்டரியிலிருந்துதான் தின்ன வேண்டும். எது எவ்வளவு தின்கிறது என்று தெரியாமல் எத்தனை ஆம்ப்மணி பேட்டரி வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது. நேர்மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை வாங்கி, ஒவ்வொன்றாகப் போட்டு அளந்து எழுதினேன். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓடும்போது 4 முதல் 5 ஆம்ப் இழுக்கிறது. நம் பக்கத்து வெக்கையில் அது நாளில் பாதி நேரமாவது ஓடும். அதற்கு மட்டுமே 50 முதல் 60 ஆம்ப்மணி போய்விடுகிறது.

நங்கூர விளக்கு சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். 10 வாட் பழைய பல்பு ஓர் இரவில் 10 ஆம்ப்மணியைத் தின்னும். 2 வாட் எல்இடிக்கு இரண்டே போதும். எல்இடி வாங்கும்போது மலிவைப் பார்க்காதீர்கள். சில எல்இடி விளக்குகள் விஹெச்எஃப் ரேடியோவையும், சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ்ஸையும் கெடுப்பதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் எச்சரிக்கையே விட்டது. சோதிப்பது சுலபம். யாரும் பேசாத சேனல் ஒன்றில் ரேடியோவை வைத்து, இரைச்சல் அடங்கும் இடம் வரை மட்டும் ஸ்குவெல்ச்சைத் திருப்புங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த விளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது ஒயர். என் படகு எண்பதுகளில் கட்டப்பட்டது. வெளியே பார்க்க நன்றாக இருந்த ஒயரின் தோலைச் சீவினால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. உப்புக் காற்று முனை வழியாக நுழைந்து, தோலுக்குள்ளேயே நெடுந்தூரம் போய்விடுகிறது. வீட்டுக்குப் போடும் ஒயரைப் படகில் போடக்கூடாது. ஒவ்வொரு இழையிலும் வெள்ளீயம் பூசிய கடல் ஒயர்தான் நிற்கும். முனைகளை வெறும் ஈயப் பற்று வைத்து விட்டுவிடாமல், ராட்செட் கருவியால் இறுக்கிக் கவ்வ வேண்டும். பற்று வைத்த இடம் விறைத்துப்போய், எஞ்சின் அதிர்வில் அதன் ஓரத்திலேயே ஒயர் ஒடிகிறது. கவ்விய பிறகு கையால் பலமாக இழுத்துப் பார்த்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடிவிடுங்கள்.

தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் இழப்பதும் பெரிது. படகின் முன்முனையில் நங்கூரம் தூக்கும் மோட்டார் 80 ஆம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து 9 மீட்டர்; போகவர 18. இதற்கு 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வழியிலேயே 1.6 வோல்ட் போய்விடும். 35 போட்டால் இழப்பு முக்கால் வோல்ட். அமெரிக்காவின் ஏபிஒய்சி அமைப்பு, வழிகாட்டும் விளக்கு போன்ற முக்கியமானவற்றுக்கு 3 சதவீதமும், மற்றவற்றுக்கு 10 சதவீதமும் இழப்பை அனுமதிக்கிறது. ஒரு கருவி ஓடும்போது பேட்டரியில் ஒரு தடவையும் கருவியின் முனையில் ஒரு தடவையும் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கிப் போடப்படுகிறவற்றில் பல நல்ல பேட்டரிகள்; கெட்டது நடுவில் இருந்த ஒயர்.

பினாங்கில் மீன்பிடிப் படகுகளுக்கு வேலை செய்யும் ஓர் அண்ணன்தான் ஃபியூஸைப் பற்றி எனக்குத் தெளிவாகச் சொன்னார்: "தம்பி, ஃபியூஸ் சாமானைக் காப்பாத்த இல்ல. ஒயரைக் காப்பாத்த." ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும் முன்னால் ஃபியூஸ் போக வேண்டும். அதனால் சாமானின் பக்கத்தில் அல்ல, பேட்டரியின் பக்கத்தில், முடிந்தால் 7 அங்குலத்துக்குள் அது இருக்க வேண்டும். லித்தியத்தில் இது இன்னும் கடுமை. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும்; சாதாரண ஃபியூஸ் உருகினாலும் அதன் இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பொறியாகப் பாய்ந்துகொண்டிருக்கலாம். 20,000 ஆம்ப் வரை அறுத்து நிறுத்தும் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸை மெயினில் போடுங்கள். விலை அதிகம். கடலில் தீப்பிடித்தால் இறங்கி நிற்க இடமில்லை என்பதை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் லித்தியம். அதிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைதான் படகுக்கு ஏற்றது. 200 ஆம்ப்மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம். லித்தியத்தில் 160 வரை எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. ஈயம் 80 சதவீதத்துக்கு மேல் மெல்ல மெல்லத்தான் சார்ஜ் வாங்கும்; கடைசிப் பகுதிக்கு மணிக்கணக்காகும். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

ஆபத்து அதில்தான் இருக்கிறது. எஞ்சினின் ஆல்டர்னேட்டர் இடைவிடாமல் முழுச் சுமையில் ஓடச் செய்யப்பட்டதல்ல. லித்தியத்தை நேராக மாட்டினால் சூடேறிக் கருகும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ், சார்ஜ் ஏறும்போதே இணைப்பைத் துண்டித்தால், போக இடமில்லாத மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகளைச் சாகடிக்கும். என் படகில் ஆல்டர்னேட்டர் ஈயத்தாலான ஸ்டார்ட் பேட்டரிக்கு மட்டுமே போகிறது. அங்கிருந்து 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு ஏறுகிறது. பிஎம்எஸ் அறுத்தாலும் ஆல்டர்னேட்டருக்கு ஈய பேட்டரி துணை இருக்கும்.

பிஎம்எஸ் முன்னறிவிப்பில்லாமல் அறுக்கலாம் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலாக்கா நீரிணையில் நள்ளிரவு, சுற்றிலும் டேங்கர்களும் விளக்கில்லாத மீன்பிடிப் படகுகளும். அந்த நேரம் வீட்டு விளக்கு அணைவதுபோல் படகு மொத்தமும் இருண்டால் என்ன ஆகும்? அதனால் வழிகாட்டும் விளக்குகளையும் விஹெச்எஃப் ரேடியோவையும் ஒரே சுவிட்ச் திருப்பலில் ஸ்டார்ட் பேட்டரிக்கு மாற்றும்படி செய்திருக்கிறேன். அடித்தள நீரை இறைக்கும் பம்ப் எப்போதும் ஈய பேட்டரியில், தனி ஃபியூஸோடு, மெயின் சுவிட்சுக்கு வெளியே இருக்கிறது. இதில் சமரசம் வேண்டாம்.

வோல்ட் மீட்டரைப் பார்த்துச் சார்ஜை மதிப்பிடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஈயம் நிறைந்தால் 12.7, பாதியில் 12.2 காட்டும். லித்தியம் பெரும்பாலான நேரம் 13.2 ஒட்டியே நிற்கும். போகிற வருகிற மின்சாரத்தை அளக்கும் ஷண்ட் வைத்த மானிட்டர்தான் உண்மை சொல்லும். எல்லா நெகட்டிவ் ஒயரும் அந்த ஷண்ட் வழியாகவே போக வேண்டும்.

சோலார் பற்றி ஒரு குறிப்பு போதும். 300 வாட் பேனலிலிருந்து இங்கே நல்ல நாளில் 75 ஆம்ப்மணி அளவுக்கு எதிர்பார்க்கலாம். பாய்மரத்தின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி சரிவதால், ஒவ்வொரு பேனலுக்கும் தனி எம்பிபிடி கண்ட்ரோலர் வையுங்கள். லித்தியத்தை எஞ்சின் அறையில் வைக்காதீர்கள், வெப்பம் அதன் ஆயுளைத் தின்னும். படகை மாதக்கணக்கில் விட்டுப் போவதானால், பாதிச் சார்ஜில் வைத்து இணைப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

கையில் ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் ஒயரையும் ஃபியூஸையும் மாற்றுங்கள். பழைய பேட்டரி இன்னும் ஒரு பருவம் ஓடட்டும். லித்தியம் வாங்குவதற்கு முன்னால் காப்பீட்டு நிறுவனத்திடம் என்னென்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.