கண்ணாடித் தடத்துக்குள்ள ஒரு உப்பளம்

வண்டி சீட்டுக்குப் பின்னாடி கையை விட்டா ஈரம். மழை நின்னு நாலு நாள் ஆகியும் ஈரம். 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறினப்போ மரக்காணத்து உப்பளமெல்லாம் ஏரியாச்சு. அதை யாரைப் போய்க் கேக்கறது? ஆனா எங்க வீட்டுப் பழைய பிக்கப்புக்குள்ளயும் தண்ணி நின்னுச்சே, அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான். வண்டி ஓட்டறது தம்பி. கழுவறது, கணக்கு பாக்கறது, ரிப்பேருக்கு அலையறது என் பொறுப்பு. பின்கண்ணாடி ரப்பர் வெடிச்சிருக்குன்னு ரெண்டு வருஷமா தெரிஞ்சும் "பாத்துக்கலாம்"னு விட்டேன். அதுக்கு அப்புறம் பட்டுக் கத்துக்கிட்டதைத்தான் இங்க சொல்றேன். உப்பு ஏத்தற வண்டி, மீன் பெட்டி ஏத்தற வண்டி, கடலோரத்துல ராத்திரி நிக்கிற வண்டி எது வச்சிருந்தாலும் இது உங்களுக்கு ஆகும்.

டிரைவர் முதுகுக்குப் பின்னாடி இருக்கிற கண்ணாடி சில வண்டியில அசையாத ஒத்தைக் கண்ணாடி. எங்க வண்டியில நகர்த்தற கண்ணாடி. இதுக்கு முன்னாடி வச்சிருந்தவர் மாத்திப் போட்டது. பின்னாடி மூட்டை இறக்கற ஆளுக்குக் குரல் கொடுக்க, தார்ப்பாய்க் கயிறு அவுந்திருக்கான்னு பாக்க, சித்திரை வெயில்ல காத்து வர ரொம்பத் தோது. தோதுக்கு ஏத்த தொல்லையும் உண்டு. அசையற எடத்துலதான் தண்ணி புகும்.

கடையில போய் "பின்கண்ணாடி பீடிங் குடுங்க"ன்னு மொட்டையா கேட்டா கையில எதையாவது திணிச்சு அனுப்பிடுவாங்க. இந்தக் கண்ணாடியில ரப்பர் மூணு எடத்துல இருக்கு. ஒண்ணு, சட்டத்தைச் சுத்தி வண்டித் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற தடி ரப்பர். ரெண்டாவது, கண்ணாடி ஓடற தடத்துல மேலயும் கீழயும் இருக்கிற, உள்பக்கம் வெல்வெட் மாதிரி சுணை வச்ச சேனல். மெக்கானிக்குங்க ஃபெல்ட்னு சொல்றது இதைத்தான். மூணாவது, நகர்ற கண்ணாடியும் நிக்கிற கண்ணாடியும் ஒண்ணை ஒண்ணு தொடற எடத்துல செங்குத்தா ஒரு மெல்லிசு பட்டை. கடகடன்னு சத்தம் வந்தா ஃபெல்ட் தேஞ்சிருக்கு. வேகமா போறப்போ விசில் அடிச்சா செங்குத்துப் பட்டை போச்சு. சீட்டுக்கு அடியில தண்ணின்னா எது வேணா இருக்கலாம், அல்லது மூணுமே இல்லாமயும் இருக்கலாம். ரப்பர் வெடிச்சிருந்தும், எங்க வண்டியில தண்ணிக்கு முக்கியக் காரணம் அந்தக் கடைசி ரகம்தான்.

நான் மொதல்ல வண்டியைக் கொண்டுபோய் விட்ட கடையில, கழட்டாம கொள்ளாம, சட்டத்தைச் சுத்தி சிலிக்கானை அடிச்சுப் பூசி அனுப்பிட்டாங்க. வேலை அரை மணி நேரம்கூட இல்லை. அடுத்த மழைக்குத் தண்ணி முன்னைவிட அதிகமா வந்துச்சு. அப்புறம் கழட்டிப் பாத்தப்போதான் விஷயம் புரிஞ்சுது. நகர்த்தற கண்ணாடிக்குக் கீழ்த் தடத்துல கொஞ்சம் தண்ணி எப்பவும் விழத்தான் செய்யும். அது வெளியே போறதுக்குன்னே தடத்துல சின்னச் சின்ன ஓட்டை வச்சிருப்பாங்க. அந்த ஓட்டையை உப்புத்தூளும் மண்ணும் பாதி அடைச்சிருந்துச்சு. மிச்சத்தை சிலிக்கான் அடைச்சிடுச்சு. போக வழியில்லாத தண்ணி உள்பக்கம் வழிஞ்சுது. அவ்வளவுதான். அதனால ரப்பர் வாங்கக் காசை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஈர்க்குச்சி எடுங்க. கம்பி வேண்டாம், பெயின்ட்டைக் கீறிடும். கீழ்த் தடத்துல இருக்கிற ஓட்டையை எல்லாம் குத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க. வெளிப்பக்கம் சொட்டுச்சுன்னா வழி திறந்திருக்கு. சில பேருக்கு இதோடயே வேலை முடிஞ்சிடும்.

மத்த ஊர்ல தூசிதான் அடைக்கும். எங்க மரக்காணத்துல உப்பு. 3,000 ஏக்கருக்கு மேல உப்பளம் விரிஞ்சு கிடக்கிற எடம் இது. சாயந்தரம் கடக்காத்து அடிச்சா கண்ணாடியில வெள்ளையா படியும், விரலால கோலமே போடலாம். சுத்தமான உப்பே காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும். அளத்து உப்போட ஒட்டிக்கிட்டு வர்ற மெக்னீசியம் குளோரைடு இருக்கே, அது 33 சதவீதத்துலயே கசியும். கடலோரத்துல அந்த அளவுக்குக் காத்து காயற நாளே அபூர்வம். ராத்திரி அந்தத் தடத்துல உப்புத்தண்ணி, பகல்ல வெயிலுக்குப் பாதி காஞ்சு திரும்பவும் உப்பு. மழையே வேண்டாம், ரப்பருக்கு அடியில இருக்கிற தகடு வருஷம் முழுக்க நனைஞ்சுக்கிட்டே இருக்கும். பாத்தி கட்டாம, தண்ணி இறைக்காம நம்ம வண்டிக்குள்ளயே ஒரு உப்பளம் நடக்குது, கூலி மட்டும் நாம குடுக்கறோம்!

ஓட்டையைத் திறந்தும் தண்ணி வருதுன்னா சோதனை பண்ணிப் பாருங்க. ஒரு ஆள் டார்ச்சோட உள்ள உட்காரணும். இன்னொரு ஆள் வெளியே ஓஸ் பைப்பை மெதுவா திறந்து, கீழயிருந்து ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா மேல போகணும். எடுத்த எடுப்புல மேல ஊத்தினா எல்லாப் பக்கமும் நனைஞ்சு எங்க புகுதுன்னே தெரியாது. செங்குத்துப் பட்டைக்கு எங்கிட்ட ஒரு சுலப வழி இருக்கு. ரப்பர்ல முகப் பவுடரைத் தடவிட்டுக் கண்ணாடியை மூடித் திறங்க. கண்ணாடியில பவுடர் கோடு விட்டு விட்டு இருந்தா, விட்ட எடத்துல ரப்பர் தொடலை. துண்டுப் பேப்பரை வச்சு மூடி இழுத்தும் பாக்கலாம். சுளுவா உருவிக்கிட்டு வந்தா அந்த ரப்பர் செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

ரப்பர் வாங்கப் போறப்போ பழசுல ஒரு ஜாண் வெட்டி, தாள்ல சுத்திக் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க. மாடல் பேரைச் சொன்னா மட்டும் போதாது. நடுவுல யாராவது சட்டத்தை மாத்தியிருந்தா அளவு சேராது. வெட்டுமுகத்தைத்தான் ஒப்பிடணும்: தகடு நுழையற பள்ளம் எவ்வளவு, சட்டம் நுழையற பள்ளம் எவ்வளவு, உதடு எந்தப் பக்கம் சாயுது. எங்களுக்குத் தடி ரப்பர் திண்டிவனத்துலயே கிடைச்சிடுச்சு. ஃபெல்ட்டுக்கு சென்னை புதுப்பேட்டை வரைக்கும் போகவேண்டி வந்துச்சு. ஈ.பி.டி.எம்.னு கேட்டு வாங்குங்க. சாதா ரப்பர் நம்ம வெயிலுக்கு சீக்கிரமே பாளம் பாளமா வெடிச்சிடும்.

கழட்டற வேலைக்கு எப்பவும் ரெண்டு பேர் வேணும். பழைய ரப்பரைக் காப்பாத்த நினைக்காதீங்க. உள்பக்க உதட்டை பிளேடால சுத்தி வெட்டிட்டா சட்டம் தானா வெளியே வரும். கையுறை போட்டுக்குங்க. பின்கண்ணாடி பெரும்பாலும் டஃபன்ட் கிளாஸ். நடுவுல நல்ல அடியே தாங்கும், விளிம்புல சிமெண்டுத் தரை லேசா தட்டினாப் போதும், கல்கண்டு கொட்டின மாதிரி பொலபொலன்னு உதிர்ந்திடும். பழைய கோணியை நாலா மடிச்சுப் போட்டு அது மேல படுக்க வைங்க. இந்தக் கண்ணாடியை வெட்டிச் சரிபண்ணவும் முடியாது. உடைஞ்சா அதே அளவுல புதுசு செஞ்சு வாங்கித்தான் ஆகணும்.

இப்ப வர்றதுதான் முக்கியமான எடம். பொறுமை இல்லாதவங்க கோட்டை விடறதும் இங்கதான். ரப்பரை எடுத்ததும் அந்தத் தகட்டு விளிம்பைப் பாருங்க. பெயின்ட் கொப்புளம் கொப்புளமா, உள்ள செம்மண் மாதிரி துரு. எங்க வண்டியில கீழ் விளிம்புல ஒரு முழத்துக்கு அப்படி இருந்துச்சு. துரு மேலயே புது ரப்பரை மாட்டினா பிடிமானம் இருக்காது. ஒரு வருஷத்துல தகடே இருக்காது. பட்டித் தகட்டால சுரண்டிட்டு உப்புத்தாள் போட்டுத் தேயுங்க (உப்பைப் போக்க உப்புத்தாள்னு பேர் வச்ச புண்ணியவான் யாரோ!). தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, தேய்ச்ச பிறகு ரெண்டு தடவை தண்ணி விட்டுக் கழுவணும். எந்தத் தண்ணி? போர் தண்ணியில கழுவி நாங்க ஒருதரம் ஏமாந்தோம். எங்க போர் தண்ணியே கரிக்கும். அதுல கழுவினா உப்பை எடுத்துட்டு உப்பைப் பூசின கதைதான். கேன் தண்ணி பத்து லிட்டர் போதும், மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா இன்னும் நல்லது. கழுவி விழற தண்ணியில ஒரு சொட்டை ஒரு கண்ணாடித் துண்டுல காயவிடுங்க. வெள்ளை வட்டம் நின்னா இன்னொரு தடவை கழுவுங்க. உப்பு மிஞ்சின தகட்டுல எவ்வளவு விலை பெயின்ட் அடிச்சாலும் கொப்புளம் வந்தே தீரும்.

நல்லா காஞ்சதும் துருத் தடுப்பு பிரைமர் ரெண்டு கோட்டு, அது மேல பெயின்ட். ஒரு நாள் முழுசா காயட்டும். துருவால தகட்டுல ஓட்டையே விழுந்திருந்தா பட்டி பூசி மூடாதீங்க. டிங்கர் கடையில அழுகின தகட்டை வெட்டிப் புதுத் துண்டு வெல்டு பண்ணச் சொல்லுங்க. வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டிவிட மறக்காதீங்க.

மாட்டறது, பாக்கறதுக்கு வித்தை மாதிரி இருக்கும், செஞ்சா சுலபம். தடி ரப்பரைச் சட்டத்தைச் சுத்தி மாட்டுங்க. இழுத்து மாட்டக் கூடாது. இன்னைக்கு இழுத்தது நாளைக்குச் சுருங்கி இடைவெளி விடும். ஒரு விரக்கடை அதிகமாவே வெட்டி, நெருக்கி உள்ள தள்ளுங்க. ரெண்டு முனையும் சேர்ற எடம் மேல நடுவுல வரட்டும். மூலையில வேண்டாம், தண்ணி நிக்கிற கீழ்ப்பக்கம் வேண்டவே வேண்டாம். அப்புறம் தகடு நுழையற பள்ளத்துக்குள்ள சுத்திவர ஒரு கயிறு விடுங்க. நான் பாவாடை நாடாவை விட்டுப் பாத்தேன், பாதியில அறுந்து தம்பி சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டுச்சு. கொடி கட்டற நைலான் கயிறுதான் சரி. ரெண்டு முனையும் கீழ நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஒரு ஜாண் ஏறி, கேபின் உள்பக்கம் தொங்கணும். தகட்டு விளிம்புல சோப்புத்தண்ணி தடவிட்டு, வெளியே இருக்கிறவங்க உள்ளங்கையால கண்ணாடியை அமுக்கிப் பிடிக்க, உள்ள இருக்கிறவங்க கயிறைக் கண்ணாடி நடுப்பக்கமா மெதுவா உருவணும். கயிறு வர வர ரப்பர் உதடு தகட்டைத் தாண்டி உள்ள மடங்கி உட்காரும். மூலையில அவசரப்படாதீங்க. எங்க உருவறீங்களோ அதே எடத்துல வெளியேயும் அமுக்கணும். பேசிக்கிட்டே செய்யுங்க.

ஃபெல்ட்டைத் தடத்துல ஒட்டறப்போ ரப்பர் பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, தொட்டா ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதம் வர்ற வரைக்கும் பொறுங்க. தண்ணி போற ஓட்டைக்கு நேரா ஃபெல்ட்டுலயும் ஓட்டை போடணும். இதை மறந்தா மொதல்லயிருந்து கதை ஆரம்பிக்கும்.

சிலிக்கான் கூடவே கூடாதுன்னு சொல்லலை. பிதுக்கினதும் காடி மாதிரி புளிச்ச வாடை அடிக்கிற ரகம் வேண்டாம். காயறப்போ அதுல வர்ற அமிலம் இரும்பை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் ரகமா வாங்கி, வேணுங்கிற எடத்துல மட்டும் கோடு மாதிரி வைங்க. கண்ணாடி வழுக்கிட்டு ஓடணும்னு கிரீஸ், டீசல், எஞ்சின் ஆயில் எதையும் தடவாதீங்க, ரப்பர் ஊதிப்போகும். சிலிக்கான் ஸ்பிரே வாங்கி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அடிச்சாப் போதும். வாரம் ஒருமுறை, உப்பு ஏத்தின அன்னைக்குக் கட்டாயமா, அரை லிட்டர் நல்ல தண்ணியைத் தடத்துல ஊத்தி ஈர்க்குச்சியை விடுங்க. தம்பி பல்லு விளக்கறானோ இல்லையோ, இதைச் செஞ்சுட்டுத்தான் சாவியை ஆணியில மாட்டறான்.

வெறும் தண்ணிதானேன்னு விட்டுடாதீங்க. வண்டி ஓடறப்போ கேபினுக்குப் பின்னாடி காத்து சுழலும்; பின்பக்க இடுக்கு வழியா புகையும் தூசியும் உள்ள இழுக்கும். நீண்ட தூரம் போயிட்டு வந்து தலைவலின்னு டிரைவர் சொன்னா, கண்ணாடி ரப்பரையும் சைலன்சரையும் சேர்த்துப் பாருங்க. அப்புறம் இது சரக்கு வண்டி. 8 வருஷம் தாண்டினா வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டணும். அதுக்காகத் துருப்பிடிச்ச கேபின் தரையைத் தகடு வச்சுத் தைக்கிற செலவோட பாத்தா ரப்பர் செலவு ஒண்ணுமே இல்லை.

எப்ப செய்யறதுன்னா புரட்டாசியில. அளத்துல வேலை குறையற நேரம், வெயிலும் இருக்கும். காலையில பனி ஈரம் காஞ்சதும் ஆரம்பிச்சு, கடக்காத்து எறங்கறதுக்குள்ள பசை வேலையை முடிச்சுடுங்க. ஐப்பசி பொறந்துட்டா எங்க ஊர்ல பசையும் காயாது, பெயின்ட்டும் காயாது.