தெளிந்த தண்ணீரிலும் பிளாஸ்டிக்: காட்டிக்கொடுக்கும் சாயம்

"பீலித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, இதுல எங்கங்க பிளாஸ்டிக்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலே இம்முறை நமது பாடம்.

நுண்பிளாஸ்டிக் என்றால் என்ன?

5 மில்லிமீற்றருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். இறப்பர் மரத்தில் மழைக்காகக் கட்டும் பொலித்தீன், உரப்பை, சொப்பிங் பேக் எல்லாம் வெயிலில் காய்ந்து நொறுங்கும். ஆனால் இலை தழை மாதிரி மக்கிப் போகாது. மழை அதை ஓடையில் சேர்க்கும். இரத்தினபுரி ஓடைகள் களு கங்கையிலும், யட்டியாந்தோட்டைப் பக்கத்து ஓடைகள் களனி கங்கையிலும் சேர்ந்து கடலுக்குப் போகின்றன.

2021 மே 20இல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. கரை ஒதுங்கியவற்றைச் சல்லடை போட்டு அள்ளினார்கள். அவை கண்ணுக்குத் தெரிந்த மணிகள். தெரியாததை எப்படிப் பிடிப்பது?

சாயம் செய்யும் வேலை

'நைல் ரெட்' என்றொரு சாயம் உண்டு. 1985 முதல் உயிரணுக்களில் உள்ள கொழுப்பைக் காண இது பயன்பட்டது. 2017இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் இதைக் கொண்டு நுண்பிளாஸ்டிக்கை எண்ணும் முறைகளை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் சோற்றுப்பெட்டியில் கறியின் மஞ்சள் பிடித்தால் எவ்வளவு கழுவினாலும் போகாது அல்லவா? அதேபோல் இந்தச் சாயமும் தண்ணீரை விட்டு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

ஆய்வுகூடத்தில் செய்வது இதுதான்:

1. தண்ணீரை வடித்து, காயம் கழுவும் ஐதரசன் பேரொட்சைட்டு மருந்தை இட்டு இலைத் தூசியைக் கரைப்பார்கள்.
2. செறிந்த உப்புக் கரைசலில் விடுவார்கள். மணல் அடியில் தங்கும், பலவகை பிளாஸ்டிக் மிதக்கும்.
3. மிதப்பதில் சாயத்தைச் சில துளி விட்டு, மெல்லிய வடிதாளில் வடிப்பார்கள்.
4. இருட்டறையில் நீல ஒளி பாய்ச்சி, செம்மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் துணுக்குகள் மின்மினிப் பூச்சி போல ஒளிரும். எண்ண வேண்டியதுதான்.

ஆனால் ஒளிர்வதெல்லாம் பிளாஸ்டிக் அல்ல. எண்ணெயும் இலை மெழுகும் கூட ஒளிரும். தேய்ந்த டயரின் கறுப்புத் தூள் ஒளிராமல் தப்பிவிடும். அதனால் சந்தேகமானவற்றை அகச்சிவப்புக் கருவியில் வைத்து உறுதி செய்வார்கள்.

நமக்கு இதில் என்ன?

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கட்டாயம் கொதிக்க வையுங்கள். ஆனால் பிளாஸ்டிக் அதில் அழியாது. ஆகவே தண்ணீருக்கு வருமுன்பே தடுப்பதுதான் வழி.

பீலிக்கு மேற்பக்கம் பொலித்தீன் வீசாதீர்கள். மரத்தில் கட்டிய பழைய பொலித்தீனை மலையிலேயே விடாமல் ஒன்றாகச் சேர்த்துக் கொடுங்கள். ஈர விறகு பற்றவில்லை என்று அடுப்பில் பொலித்தீன் போடுவது நம்மிடம் உள்ள பழக்கம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது அடுப்படியில் நிற்கும் தாயும், பக்கத்தில் இருக்கும் பிள்ளையும்தான். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதும், பொலித்தீன் லன்ச் சீட்டும் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டன. சோறு கட்ட வாழை இலைக்கு நம்ம பக்கத்தில் பஞ்சமா என்ன?

ஆய்வுகூடத்துச் சாயம் நம் லயத்துக்கு வராமல் போகலாம். ஆனால் மேலே வீசியதுதான் கீழே குடத்தில் விழுகிறது என்பதை அறிய நமக்குச் சாயம் தேவையில்லை.