எழுவகை நீரும் நம் வீட்டுக் கிணறும்

தியாகராய நகரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு போர் தண்ணீர் வாளியில் சற்று நேரம் நின்றால் மஞ்சளாகி விடுகிறது. இரும்பு வாடையும் அடிக்கிறது. வாயில் வைக்க முடியாத இத்தண்ணீரில் ஒளு கூடாது என்று எண்ணி என் மருமகள் சில நாட்களாகத் தயம்மம் செய்து தொழுது வந்தாள். அத்தொழுகைகள் நிறைவேறுமா?"

வானத்திலிருந்து தூய நீரை இறக்கியதாக அல்லாஹு தஆலா ஃபுர்கான் சூராவில் (25:48) அருளுகிறான். அந்நீரைப் பூமியில் தங்கச் செய்ததை முஃமினூன் சூராவில் (23:18) நினைவூட்டுகிறான். மழை, கடல், ஆறு, கிணறு, ஊற்று, உறைபனி, ஆலங்கட்டி ஆகிய ஏழின் நீரும் தானும் சுத்தமானது, பிறவற்றையும் சுத்தப்படுத்தக் கூடியது என்று ஷாபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு கிதாபுகள் வகுத்துள்ளன. பனியும் ஆலங்கட்டியும் சென்னைவாசிகளுக்கு ஏட்டுப் பாடமே. மற்றவை நம் வாசலில் உள்ளவை.

கடல் நீர் உவர்ப்பாயிற்றே என்ற ஐயம் ஸஹாபாக்கள் காலத்திலேயே எழுந்தது. கடற்பயணம் செய்பவர் ஒருவர், கையிலுள்ள சிறிதளவு நீரில் ஒளுச் செய்தால் தாகத்தில் வாடுவோமே, கடல் நீரில் செய்யலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். கடல் நீர் சுத்தப்படுத்தக் கூடியது என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். சாந்தோம் கரையில் நின்று அலையில் ஒளுச் செய்தாலும் தொழுகை கூடும். அப்படியிருக்க, நெம்மேலியில் 2013இல் தொடங்கிய நிலையம் கடல் நீரின் உப்பை நீக்கிக் குழாயில் அனுப்பும் நீரைப் பற்றி ஐயத்துக்கு இடமேது? குடிநீர் இயந்திரம் கழித்து விடும் நீரும் அவ்வாறே. அதில் உப்பு கூடியிருக்கிறதே தவிர நஜீஸ் எதுவும் சேரவில்லை. அதை ஏன் சாக்கடையில் விடுகிறோமோ தெரியவில்லை!

இனி மஞ்சள் தண்ணீர். நீர் தங்கும் இடத்திலும் ஓடும் வழியிலும் உள்ள மண், இரும்பு, பாசி போன்றவற்றாலோ, நெடுநாள் தேங்கியதாலோ நிறமும் ருசியும் மாறினால் அதன் தன்மை கெடாது. குடிக்க உதவாத நீர் வேறு, ஒளுவுக்கு உதவாத நீர் வேறு. தேயிலை, பன்னீர் போன்றது கலந்து "தண்ணீர்" என்ற பெயரே போய்விட்டால்தான் சுத்தப்படுத்தும் தகுதி போகும்.

இதற்கு நேர்மாறானது அடையாறு. திரு.வி.க. பாலத்தின் கீழ் ஓடுவதும் ஆற்று நீர்தான். ஆனால் சாக்கடை கலந்து நிறமும் நாற்றமும் மாறிய நீரை ஆறு என்ற பெயர் காப்பாற்றாது. குல்லத்தைன் எனப்படும் அளவுக்கு, அதாவது சுமார் 200 லிட்டருக்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால், மாற்றம் தெரியாவிட்டாலும் அது நஜீஸாகும். அவ்வளவோ அதற்கு மேலோ இருந்தால் நிறம், ருசி, வாடை இவற்றில் ஒன்று மாறினால்தான் நஜீஸ். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் அடையாற்று நீர் வீடுகளுக்குள் புகுந்தது. அவ்வாறு சாக்கடை கலந்து நாறும் நிலத்தடித் தொட்டியில் வாசனைப் பொருளை ஊற்றி வாடையை அமுக்கினால் நீர் சுத்தமாகாது. முழுவதும் இறைத்து, சுவரைக் கழுவி, புது நீர் நிரப்ப வேண்டும். (ஹனபி சகோதரர்களுக்கு அளவு வேறு, தங்கள் ஆலிமைக் கேட்டுக் கொள்க.)

வாளியில் ஒளுச் செய்வோருக்கு ஒரு வார்த்தை. முகம் கழுவிய பிறகு, நீரை அள்ளுகிறேன் என்ற எண்ணமின்றிக் கையை வாளிக்குள் விட்டால், ஷாபிஈ மத்ஹபில் அந்நீர் பயன்படுத்திய நீராகி விடும். செம்பால் மொண்டு ஊற்றிக் கொண்டால் தொல்லையில்லை.

தயம்மத்துக்கு வருவோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது பல வீடுகளில் குடிநீர் கேனில் வந்தது. இருக்கும் நீர் குடிக்கவே தேவையென்றால் அதைச் செலவழிக்காமல் தயம்மம் செய்யலாம். ஆனால் கிணற்றில் உவர் நீர் இருக்கையில் தயம்மம் கூடாது. நீர் இல்லாவிடினும், நியாய விலைக்குக் கிடைத்து, வாங்க வசதியும் இருந்தால் வாங்க வேண்டும்.

ஆகவே அந்த மருமகள் தயம்மத்தில் தொழுத பர்ளுகளைக் களாச் செய்ய வேண்டும். எத்தனை நாட்கள் என்று நினைவிருந்தால் அத்தனை. நினைவில்லையென்றால், எல்லாம் நிறைவேறி விட்டது என்று மனம் உறுதிப்படும் வரை, முடிந்த வேளைகளில் தொழுது வரட்டும். அந்தப் போர் தண்ணீரிலேயே ஒளுச் செய்து கொள்ளலாம்.