மலைகள் நிறம் மாறும் வாரங்கள்
லோரன்சியன் மலைகளில் இலையுதிர்காலம்: எமது குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி



மொன்றியலில் இருந்து 15ஆம் இலக்கப் பெருந்தெருவில் வடக்கே போகும் பாதை எமது மக்களுக்குப் புதியதல்ல. கோடையில் வால்-மொறின் மலையிலுள்ள சுப்பிரமணிய ஐயப்பன் ஆலயத்துக்குக் காவடியோடும் பாற்செம்போடும் போகாத குடும்பம் எம்மிடையே குறைவு. சுவாமி விஷ்ணுதேவானந்தா 1960களில் அமைத்த சிவானந்த ஆச்சிரமம் இருக்கும் அதே மலை அது. ஆனால் காவடி முடிந்து இரண்டு, இரண்டரை மாதம் கழித்து அதே மலையைப் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், கைவிரல்கள் போதும். அந்த நாட்களில் புரட்டாதிச் சனி வருகிறது, நவராத்திரி வருகிறது, ஓவர்ரைம் வேலையும் வருகிறது. குளிரும் தொடங்கிவிடுகிறது. "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம்.

நாமும் அப்படி விட்டவர்கள்தான். அதனால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறோம்.

தவறவிட்ட ஒரு வருடம்

நாம் 2010இல் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தோம். ஊரிலே வணிகப் பட்டம் பெற்றிருந்தும், முதல் இலையுதிர்காலம் ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவுவதில் கழிந்தது. பிறகு படித்து, மறுபடியும் கணக்காளராக வேலைக்கு அமர்ந்தபோதும் ஒக்ரோபர் என்பது எமக்குக் கோப்புகளின் மாதமாகவே இருந்தது. 2016இல் எமது தாயார் வந்து சேர்ந்தார். அந்தப் புரட்டாதியில் யன்னலால் பார்த்துக்கொண்டு, "தம்பி, உந்த மரத்துக்கு என்ன வருத்தம்? இலையெல்லாம் சிவந்து போச்சு" என்று கேட்டார். மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம் என்றோம். ஒரு கிழமை போனது, இன்னொரு கிழமையும் போனது. கடைசியாக ஒக்ரோபர் மாத இறுதி ஞாயிறன்று போனபோது மலையில் ஓர் இலை இல்லை. சாம்பல் நிறக் கம்புகள்தான் நின்றன. "எல்லாம் பட்டுப் போச்சே ராசா" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் ஏப்ரல் வரை, கோயிலுக்கும் வைத்தியரிடமும் போனது தவிர, அவர் வெளியே இறங்கவேயில்லை.

இலை ஏன் நிறம் மாறுகிறது?

மரம் பட்டுப்போகவில்லை. எமது தொழிலின் மொழியில் சொன்னால், அது ஆண்டுக் கணக்கை முடிக்கிறது.

செப்ரெம்பர் 22 அல்லது 23ஆம் திகதி பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. அந்த நாட்களில் மொன்றியல் பகுதியில் பகல்பொழுது நாளொன்றுக்குச் சுமார் 3 நிமிடங்கள் குறைகிறது. மரம் இந்தக் குறைவை உணர்கிறது. வெயில் குறைந்து நீர் உறையப்போகும் காலத்தில் அகன்ற இலைகளை வைத்திருப்பது நட்டம். ஆகவே இலையில் உள்ள நைதரசன் முதலிய சத்துக்களைப் பிரித்துத் தண்டுக்கும் வேருக்கும் எடுத்துக்கொள்கிறது. இலையைப் பச்சையாக வைத்திருந்த பச்சையம் சிதைந்து மறைகிறது.

பச்சையம் மறைந்ததும் அதுவரை மூடப்பட்டிருந்த மஞ்சள் தெரிகிறது. இது கரோட்டினொயிட் என்னும் நிறப்பொருள். கரட் கிழங்கின் நிறமும் இதே வகையைச் சேர்ந்தது. பேர்ச், அஸ்பென் மரங்கள் மஞ்சளாவது இதனால்தான்.

சிவப்பின் கதை வேறு. அது இலையில் முன்பே இருப்பதன்று. இலையுதிர்காலத்தில் புதிதாக உண்டாவது. இலைக்காம்பின் அடியில் தக்கைபோன்ற ஒரு படை வளர்ந்து இலையை மரத்திலிருந்து மெல்லப் பிரிக்கிறது. அப்போது இலைக்குள் தங்கும் சீனியிலிருந்து அந்தோசயனின் என்னும் சிவப்பு நிறப்பொருள் உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு மிகும். மேகமும் மழையுமாக இருந்தால் மங்கும். உறைபனி முந்திவிட்டால் இலை கபில நிறமாகக் கருகிவிடும். ஆகவே எந்த இரண்டு வருடமும் ஒன்றுபோல இராது.

இது எமது ஊருக்கு முற்றிலும் புதியதென்று எண்ணவேண்டாம். நாட்டு வாதுமை மரத்தின் இலை விழுமுன் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் அந்தோசயனின்தான். ஆனால் அங்கே இலை ஒவ்வொன்றாகச் சிவக்கும். இங்கே மலை முழுவதும் ஒன்றாகச் சிவக்கிறது.

லோரன்சியனில் இந்தக் காட்சி சிறப்பாக இருப்பதற்குக் காரணம் சீனி மேப்பிள் மரம். செம்மஞ்சளும் சிவப்பும் இதிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. வசந்தத்தில் இதே மரத்தில் வடியும் சுமார் 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சித்தான் ஒரு லீற்றர் மேப்பிள் பாணி எடுக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் நிற்கும் செம்மேப்பிள் எல்லாவற்றுக்கும் முன்னே சிவந்துவிடும். மலையில் நாம் காணும் முதற் சிவப்பு பெரும்பாலும் அதுவே.

எப்போது போகவேண்டும்?

ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: நிறம் வடக்கிலிருந்து தெற்கே வரும், உயரத்திலிருந்து தாழ்வுக்கு இறங்கும்.

மோன் ட்ரொம்பிளான் பகுதி: செப்ரெம்பர் கடைசி வாரம் முதல் ஒக்ரோபர் முதல் வாரம் வரை.
சென்ற் அகாத், வால்-டேவிட், வால்-மொறின், சென் சோவர்: பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் பத்து நாட்கள்.
மொன்றியல் நகரம்: ஒக்ரோபர் நடுப்பகுதியும் அதன்பின் சில நாட்களும்.

ஓரிடத்தில் நிறம் உச்சத்தில் நிற்பது ஏறத்தாழ ஒரு கிழமைதான். பலத்த காற்றோடு ஒரு மழை பெய்தால் அதுவும் இல்லை. கியூபெக்கின் சுற்றுலாப் பகுதியினர் பருவகாலத்தில் நிற நிலவரத்தை இணையத்தில் வெளியிடுவதுண்டு, போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒக்ரோபர் இரண்டாவது திங்கட்கிழமை நன்றிநவிலல் நாள் விடுமுறை. அந்த வார இறுதியில் 15ஆம் பெருந்தெரு நிரம்பி வழியும். இயன்றால் அதற்கு முந்திய கிழமை போங்கள், அல்லது காலை எட்டு மணிக்கு முன் புறப்படுங்கள்.

எங்கே போகவேண்டும்?

1. மோன் ட்ரொம்பிளான் தேசியப் பூங்கா. 1895இல் ஏற்படுத்தப்பட்ட இதுவே கியூபெக்கின் மிகப் பழைய பூங்கா. 1,510 சதுர கிலோமீற்றர் பரப்பில் 400 வரையிலான ஏரிகளும் ஆறு ஆறுகளும் உள்ளன. டியாப் ஆற்றுப் பகுதியிலுள்ள மொன்றோ ஏரியை ஏரிக்கரையில் நின்றே பார்க்கலாம். நடக்கக்கூடியவர்கள் லா றொஷ், லா கோர்னிஷ் என்னும் இரண்டு காட்சிமுனைகளில் ஒன்றுக்கு ஏறினால், ஏரியும் சிவந்த மலைகளும் காலடியில் கிடக்கும். இரண்டில் கோர்னிஷ் பாதையே குறுகியது. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுவது நல்லது.

2. ட்ரொம்பிளான் மலையுச்சி. பூங்காவுக்குத் தென்புறம் உள்ள பனிச்சறுக்குக் கிராமத்திலிருந்து கேபிளில் தொங்கும் பெட்டியில் ஏறி, 875 மீற்றர் உயரத்துக்கு நடக்காமலே போகலாம். செலவு சற்று அதிகம். ஆனால் ஒரே பார்வையில் மலையுச்சி கபிலமாகவும், நடு சிவப்பாகவும், அடி பச்சையாகவும் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மேலே சொன்ன விதியைக் கண்ணாலேயே காணும் இடம் இது.

3. சென்ற் அகாத். ஊரை ஒட்டியே சாப்ல் ஏரி இருக்கிறது. கரையோரமாக நடக்கலாம். காற்றில்லாத காலை வேளையில் எதிர்க்கரை மரங்கள் நீரில் அப்படியே தெரியும்.

4. வால்-மொறின், வால்-டேவிட். ஆலயத்தில் வழிபட்டுவிட்டு மலையைப் பார்க்க இதைவிட வாய்ப்பான இடம் எமக்கு வேறில்லை. மொன்றியலில் இருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். அயலிலே இரண்டு ஊர்களுக்கும் பொதுவான பிரதேசப் பூங்கா ஒன்றும் உள்ளது. பாறை ஏறுவோர் அங்கே கூடுவர்.

5. 'சின்ன வடக்கு ரயில்' பாதை. வயதானவர்கள் உள்ள குடும்பங்களுக்கு நாம் முதலில் சொல்வது இதைத்தான். லபெல் என்னும் பாதிரியார் இந்த மலைப்பகுதியில் மக்களைக் குடியேற்றப் பாடுபட்டவர். ரயில்பாதை 1876இல் சென் ஜெரோம் வரையும், 1892இல் சென்ற் அகாத் வரையும், 1909இல் மோன் லோறியே வரையும் வந்தது. ரயில் நின்றபின் தண்டவாளத்தை அகற்றி, 1996இல் சுமார் 200 கிலோமீற்றர் நீளமான நடை, சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே இந்தப் பாதையிலும் செங்குத்தான ஏற்றமில்லை. பிறேவோவில் பழைய ரயில் நிலையக் கட்டிடத்தை இன்றும் காணலாம். வால்-டேவிட்டில் பாதை ஊரின் நடுவாலேயே போகிறது.

6. மோன் றோயால். கார் இல்லாதவர்களுக்கு நகரத்து மலையே போதும். 233 மீற்றர்தான் உயரம். நியூயோர்க் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர்களில் ஒருவரான பிரெடரிக் லோ ஒல்ம்ஸ்டெட் அமைத்த இந்தப் பூங்கா 1876இல் திறக்கப்பட்டது. அவர் போட்ட வளைந்த பாதையில் தள்ளுவண்டியும் போகும். மேலே வரை பஸ்ஸும் உண்டு.

எமது தாயார் பார்த்த மலை

அடுத்த வருடம் தாயாருக்கு முழங்கால் வருத்தம் முற்றிவிட்டது. மலை ஏற முடியாதென்று அவரே சொல்லிவிட்டார். ஒரு நண்பர் சொல்லித்தான் ரயில்பாதையை அறிந்தோம். சக்கர நாற்காலியைக் காரில் ஏற்றிக்கொண்டு, புரட்டாதிச் சனியன்று காலை கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கேற்றிவிட்டு நேரே வால்-டேவிட் போனோம். வேலைக்கு விடுப்பு எடுத்தோம். அந்தக் கிழமைச் சம்பளத்தில் ஒரு நாள் குறைந்தது.

பாதையின் இருபுறமும் மேப்பிள் மரங்கள். காற்று வீசும்போதெல்லாம் இலை கொட்டியது. மடியில் விழுந்த ஓர் இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பட்ட இலையில்லைத் தம்பி, பழுத்த இலை" என்றார். கூட வந்த பேத்தி அவர்மேல் இலையை அள்ளி எறிந்து சிரித்தபோது, "காவோலை விழக் குருத்தோலை சிரிக்குதாம்" என்று தானும் சிரித்தார். பிறகு இரண்டு மணிநேரம் ஊரைப்பற்றியும், எமது தகப்பனாரைப்பற்றியும், அதுவரை எம்மிடம் சொல்லாத பலவற்றையும் சொன்னார். அடுத்த இலையுதிர்காலத்துக்கு அவர் இருக்கவில்லை. அந்த ஒரு நாள் விடுப்பு எடுக்காமல் விட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் துணிவு எமக்கு வந்திராது.

போகுமுன் கவனிக்க வேண்டியவை

ஒரு தடித்த உடுப்பைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. மலையுச்சியில் அடிவாரத்தைவிடப் பல பாகை குளிராக இருக்கும். சேலையோடும் செருப்போடும் போகவேண்டாம். வழுக்காத சப்பாத்து அவசியம். ஈரமான இலை, பாதையிலும் தெருவிலும் எண்ணெய்போல வழுக்கும். ஒக்ரோபர் தொடக்கத்தில் மாலை ஆறரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரம் மானும், மூஸ் என்னும் பெரிய மானும் தெருவைக் கடக்கும், மெதுவாக ஓட்டுங்கள். புளிச்சாதமும் சுடுநீர்ப் போத்தலில் தேத்தண்ணியும் கொண்டுபோனால் செலவு குறையும். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். விலங்குகளுக்குத் தீன் போடவேண்டாம்.

பிள்ளைகளோடு பேசுவதற்கு

1. மஞ்சள் முன்பே இலையில் இருந்தது. சிவப்பு புதிதாக வந்தது. ஏன்?
2. மலையுச்சியில் இலை முதலில் உதிர்வது ஏன்?
3. ரமராக் என்னும் மரம் ஊசியிலை மரமாக இருந்தும், ஒக்ரோபர் பிற்பகுதியில் பொன்னிறமாகி ஊசிகளை உதிர்க்கும். வழியில் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?
4. அப்பம்மாவின், அம்மம்மாவின் ஊரில் எந்த மரம் எந்த மாதத்தில் இலை உதிர்த்தது? அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

நான்காவது வினாவுக்கு விடை எமது புத்தகங்களில் இல்லை. அது வீட்டு யன்னலோரம் இருப்பவர்களிடம் இருக்கிறது. நவம்பர் வந்தால் அவர்களுக்கு ஐந்து மாதம் கதவு அடைபட்டுவிடும். அதற்கு முன் ஒரு நாளை அவர்களுக்காக நாட்காட்டியில் இப்போதே குறித்து வைப்போம். காரில் இடம் மிச்சமிருந்தால், கோயிலுக்குத் தனியாக பஸ்ஸில் வரும் முதியவர் ஒருவரையும் கேட்டுப் பாருங்கள்.

எல்லோருக்கும் இறையருள் கிட்டுவதாக.