நிறுத்தச் சொல்லும் குரல்

குன்னூர்

அன்புள்ள பேத்திக்கு,

மென்பொருளின் பாதுகாப்பையும் நம்பகத்தன்மையையும் பற்றிய விருப்பப் பாடத்தை எடுக்கலாமா, அல்லது சிநேகிதிகள் எல்லோரும் எடுக்கிற பாடத்தையே நீயும் எடுப்பதா என்று கேட்டிருந்தாய். சிநேகிதிகளை மாலையில் சந்தித்துக்கொள்ளலாம். இந்தப் பாடத்தை அவசியம் எடு.

நம் மலை ரயில் கல்லாற்றைத் தாண்டியதும், தண்டவாளத்தின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி வீதம் செங்குத்தாக ஏறுகையில், எஞ்சின் முன்னே நின்று இழுக்காமல் கீழ்ப்புறத்தில் நின்று தள்ளுவதையும், பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பதையும் பார்த்து, ஏன் தாத்தா என்று சிறு வயதிலேயே கேட்டவள் நீ. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சினின்மேல் சாய்ந்து நிற்கும். ஒரு பிரேக் தவறினால் மற்றொன்று பிடிக்கும். 1899-ல் குன்னூர் வரை இந்தப் பாதை திறக்கப்பட்ட காலத்திலேயே, எது எங்கே அறுந்துபோகும் என்று யோசித்துத்தான் காரியம் செய்திருக்கிறார்கள்.

ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும் என்ற, இரும்பில் பலித்த அந்த யுக்தி மென்பொருளில் அப்படியே பலிப்பதில்லை. 1996 ஜூன் 4-ந் தேதி ஐரோப்பாவின் அரியான்-5 ராக்கெட் புறப்பட்ட சுமார் 40 நொடிகளில் வானத்திலேயே சிதறியது. திசையறியும் கருவிகள் இரண்டு இருந்தும், இரண்டிலும் ஒரே மென்பொருள் இருந்தபடியால், பழைய அரியான்-4க்காக எழுதிய ஒரு கணக்கு புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்துக்குரிய பெரிய எண்ணைத் தாங்காமல், துணைக் கருவியும் அடுத்த கணமே பிரதானக் கருவியும் ஒரே காரணத்தால் ஓய்ந்துபோயின.

ஆனால் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு விஷயம். 1979 ஆகஸ்டு 10-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் புறப்படவிருந்த வேளையில் கணினி நிறுத்தச் சொன்னதாகவும், உடனிருந்த நிபுணர்களின் ஆலோசனையைக் கேட்டுத் தாம் அதை மீறி ஏவியதாகவும், திட்டத்தின் தலைவராயிருந்த அப்துல் கலாம் அவர்களே பின்னாளில் பலமுறை மனம் திறந்து சொல்லியிருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருந்தது. மிச்சமிருக்கும் திரவம் போதும் என்று கணக்கிட்டார்கள். ராக்கெட்டோ வங்காள விரிகுடாவில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18-ல் அதே குழுவினர் ரோகிணியை விண்ணில் சேர்த்தார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெரியவர்களை அலட்சியக்காரர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். யந்திரம் "நில்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்ற கேள்வி, கற்றறிந்தவர்களுக்கும் எவ்வளவு கடினமானது என்பதையே அந்தச் சம்பவத்தில் காண்கிறேன்.

அந்தச் சொல்லின் மதிப்பு அன்றாடப் பழக்கத்தில் தேய்ந்துபோனதும் உண்டு. 1985-க்கும் 1987-க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் தெரக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை யந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் அதனாலேயே மாண்டார்கள். முந்திய மாதிரியில் அபாயத்தைத் தடுத்துவந்த தனித் தடுப்புக் கருவிகளை நீக்கிவிட்டு, அந்தப் பொறுப்பை மென்பொருளிடமே ஒப்படைத்திருந்தார்கள். பழைய மாதிரியிலும் அதே பிழை ஒளிந்திருந்தது; தடுப்புக் கருவிகள் காத்தபடியால் எவரும் அறியவில்லை. அந்த விபத்துகளில் ஒன்று நேர்ந்தபோது திரையில் "கோளாறு 54" என்று மட்டும் தோன்றிற்று. அதன் பொருள் யந்திரத்தை இயக்கிய பெண்ணுக்குத் தெரியாது. அத்தகைய செய்திகள் நாள்தோறும் வந்து யாதொரு தீங்கும் நேராமல் போனதால், மேலே தொடரும் பொத்தானை அழுத்துவது அவளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது.

அவளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை, குழந்தாய். நான் வேலை பார்த்த டீ பேக்டரியில் டிரையரின் சூடு மீறினால் அடிக்கும்படி ஒரு மின்மணி வைத்திருந்தோம். தென்மேற்குப் பருவ மழையின் ஈரத்தில் அது காரணமின்றியே அலறும். பொறுத்துப் பார்த்த இரவு ஷிப்ட்காரர்கள் அதற்குள் சாக்குத் துணியைத் திணித்துவிட்டார்கள். மெய்யாகவே சூடு மீறிய இரவில் மணி ஊமையாயிருந்தது. தூள் முழுவதும் கருகியது. அவர்களைக் கடிந்துகொண்டேன். பொய்யாக அடிக்கிற மணியைச் சீர்செய்யாமல் விட்டவன் நானே என்பது புரியப் பல நாளாயிற்று. புரிந்த பிறகு அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

பாடத்தில் தர்க்கமும் நிகழ்தகவும், ஒரு நிரல் இன்ன காரியத்தை ஒருக்காலும் செய்யாது என்று கணித முறையில் நிரூபிக்கும் சாஸ்திரமும் வரும், சலித்துப்போகாமல் படி. வேண்டாத முடிவை உச்சியில் எழுதி, அது எவ்வெவற்றால் நேரக்கூடும் என்று கிளை கிளையாகக் கீழே இறங்கிக் காணும் தவறு மரம் என்ற முறை, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஏவுகணைகளுக்காகப் பிறந்தது. அதை முதலில் பிரஷர் குக்கருக்கு வரைந்து பார்: வெயிட் அடைத்துக்கொண்டால் என்ன, சேஃப்டி வால்வுக்குப் பதில் வேறெதையோ செருகியிருந்தால் என்ன, விசில் சத்தம் கேட்காத அறையில் ஆள் இருந்தால் என்ன என்று ஒவ்வொன்றாக எழுது. மார்கழி விடுமுறைக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவா. அடுப்படியில் பாட்டியையும் உட்காரவைத்துச் சரிபார்ப்போம். நாற்பது வருஷம் குக்கரோடு பழகிய அவளுக்குத் தெரிந்த கிளைகள் சில உன் மரத்தில் இருக்காது. அவற்றை அவள் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் தாத்தா