நோவைச் சொல்லப் பழகுவோம்

நோயாளியைப் பார்க்க வருவோர் சாப்பாடு, நித்திரை, மருந்துச் செலவு எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். "எங்கே நோகிறது? எவ்வளவு நோகிறது?" என்று கேட்பவர் குறைவு. நோயாளியும் வீட்டாருக்குப் பாரமாகக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். வைத்தியர் கேட்டாலும் "பரவாயில்லை ஐயா" என்கிறார். இதனை நாம் பொறுமை என்று பாராட்டுகிறோம். ஆனால் தணிக்கக்கூடிய நோவு தணியாமற் போவதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம். புற்றுநோயாளரின் நோவை உதாரணமாகக் கொண்டு இதனைப் படிப்போம்.

1. நோவு உடம்பில் மட்டும் இல்லை

1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் பராமரிப்பு இல்லத்தை ஆரம்பித்த சிசிலி சோண்டர்ஸ், தாதியாகவும் சமூக சேவையாளராகவும் இருந்து பின்னர் வைத்தியரானவர். உடல் வேதனையோடு பயம், கடன், பிள்ளைகளைப் பற்றிய கவலை, "எனக்கேன் இது?" என்ற மனக்குமுறல் யாவும் சேர்ந்ததே "முழுமையான நோவு" என்று அவர் விளக்கினார். ஆகவே குளிசையோடு, பக்கத்தில் இருந்து கேட்கும் ஒருவரும் தேவை.

2. எப்படிச் சொல்வது?

நோவே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாதென்றால் 10. இப்போது எத்தனை என்று நோயாளியிடமே கேளுங்கள். எப்படி நோகிறது என்பதும் முக்கியம். உளைவா, குத்தா, பிடித்துப் பிடித்து விடுகிறதா? எரிவு, விறைப்பு, மின்சாரம் அடித்தாற்போன்ற உணர்வு என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு வேறு மருந்துகளும் தேவைப்படும். பேச முடியாதவரின் முகச்சுளிப்பு, முனகல், தொடவிடாமை ஆகியவற்றைக் கவனியுங்கள். நேரம், இடம், எண், கொடுத்த மருந்து ஆகியவற்றைக் கொப்பியொன்றில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள்.

3. மருந்தும் நேரமும்

உலக சுகாதார நிறுவனம் 1986இல் மூன்று படிகளை வெளியிட்டது: முதலில் பரசிற்றமோல் போன்றவை, அடுத்து கொடீன் போன்றவை, பின்னர் மோர்பின். கடும் நோவுள்ளவர் முதற்படியிலேயே காத்திருக்க வேண்டியதில்லை. தொடர்ந்து இருக்கும் நோவுக்கு, வைத்தியர் குறித்த நேரத்துக்கே மருந்து கொடுக்க வேண்டும். ஆடு தோட்டத்துள் புகுந்தபின் துரத்துவதைவிட முன்பே படலையைச் சாத்துவது இலகு அல்லவா?

4. மோர்பின் பற்றிய பயம்

"மோர்பின் தொடங்கினால் முடிவு வந்துவிட்டது" என்பது தவறு. மரணம் நெருங்கியதற்காக அல்ல, நோவின் கடுமைக்காகவே அது கொடுக்கப்படுகிறது. வைத்திய மேற்பார்வையில் நோவுக்காக எடுப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. முதற் சில நாட்களில் வரும் தூக்கமும் குமட்டலும் பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் நீடிக்கும். ஆகவே ஆரம்பத்திலேயே அதற்கும் மருந்து கேளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ வேண்டாம். பிறருக்குக் கொடுக்காமல் பூட்டி வையுங்கள். எழுப்ப முடியாத தூக்கமோ மிக மெதுவான மூச்சோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

5. நாம் செய்யக்கூடியவை

மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர், அடுத்த கிளினிக் வரை எம் மத்தியில்தான் இருக்கிறார். கேரளத்தில் பயிற்சி பெற்ற அயலவர்கள் தாதியரோடு வீடுகளுக்குச் சென்று இத்தகையோரைப் பராமரிக்கின்றனர். அம்மாநில அரசு 2008இல் இதற்கென ஒரு கொள்கையையும் வகுத்தது. எமது மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் வாரம் ஒருமுறை சென்று பார்க்கலாம்; கொப்பி எழுத உதவலாம்; இரவில் விழித்திருக்கும் வீட்டாருக்குச் சற்று ஓய்வு கொடுக்கலாம்; கிளினிக்குக்குத் துணை போகலாம்.

கலந்துரையாடலுக்கு

அ. எமது கிராமத்தில் நோவோடு படுத்திருப்போர் யார்? கடைசியாக எப்போது அவர்களிடம் நோவைப் பற்றிக் கேட்டோம்?

ஆ. நோவைச் சொல்ல அவர்கள் தயங்குவது ஏன்?

இ. இம்மாதம் எவர் வீட்டுக்கு யார் செல்வது?