காதொலிக் கருவிக்கு எந்த பேட்டரி?

ஆரணியின் நெசவாளர் தெருக்களிலிருந்து எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வரும் முதியவர்களுள் பலர், காதொலிக் கருவியைக் காதில் அணிந்து வருவதில்லை; சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வைத்துக்கொண்டு வருகின்றனர். ஏன் என்று வினவினால், "பேட்டரி தீர்ந்துவிடும் டாக்டர், விருந்தாளி வந்தால் மட்டும் போட்டுக்கொள்வேன்" என்பதே பெரும்பாலும் விடையாகிறது. இச்சிக்கனம் நன்மை பயப்பதன்று. ஒலி கேளாமலே நாள்கள் கழியுமாயின், சொற்களைப் பிரித்தறியும் பழக்கம் மூளையில் தளர்கிறது. உரையாடலிலிருந்து மனிதர் மெல்ல விலகுகிறார். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2017, 2020, 2024 ஆகிய ஆண்டுகளின் அறிக்கைகளில், மாற்றியமைக்கக் கூடிய மறதிநோய்க் காரணிகளுள் ஒன்றாகக் கேள்திறன் குறைவைச் சேர்த்துள்ளது. ஆகவே பேட்டரியைப் பற்றிய இக்கேள்வியைச் சிறிய செலவுக் கணக்காக மட்டும் நாங்கள் கருதுவதில்லை.

காதுக்குப் பின்னே அணியும் கருவிகளில் பெரும்பாலானவை துத்தநாக-காற்று பேட்டரியால் இயங்குகின்றன. அளவுக்கேற்ப ஒட்டுத்தாளின் நிறம் மாறும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஒட்டுத்தாளை உரித்ததும் நுண்துளைகளின் வழியே காற்று உட்புகுந்து, அதிலுள்ள ஆக்சிஜன் துத்தநாகத்துடன் வினைபுரிகிறது. அப்போதுதான் மின்சாரம் பிறக்கிறது. எனவே உரித்தவுடன் கருவிக்குள் திணிக்காமல், இரண்டு முதல் ஐந்து நிமிடங்கள் வெளியே வைத்திருத்தல் வேண்டும். உரித்தபின் தாளைத் திரும்ப ஒட்டிவைப்பதால் பெரும்பயன் இல்லை. விருந்தாளிக்காகக் காத்திருக்கும் பேட்டரியும் பெட்டிக்குள்ளேயே சிறுகச் சிறுக வலுவிழந்துகொண்டுதான் இருக்கும்.

312 அளவுள்ள பேட்டரி நாள் முழுதும் அணிபவருக்கு ஏறத்தாழ ஒரு வாரம் வரும். இரு காதுகளுக்கும் கருவி இருப்பின் ஆண்டுக்கு 104 பேட்டரிகள். ஆறு கொண்ட அட்டையாக வாங்கினால் 18 அட்டைகள். அட்டையின் விலையைத் தங்கள் கடையில் கேட்டுப் பெருக்கிப் பார்த்தால், மின்னேற்றம் செய்யும் கருவிக்குக் கூடுதலாகத் தரும் தொகை எத்தனை ஆண்டுகளில் ஈடாகும் என்பது புலப்படும்.

பலர் செய்ய முற்படும் குறுக்குவழி ஒன்றுண்டு: துத்தநாக-காற்று பேட்டரியையே சார்ஜரில் வைத்துப் பார்ப்பது. அது கசியலாம், வெடிக்கவும் கூடும்; ஒருபோதும் செய்யலாகாது. அதே அளவில் மின்னேற்றம் செய்யத்தக்க நிக்கல் வகைப் பொத்தான் பேட்டரிகள் உண்டு. ஆனால் 13 அளவுள்ள துத்தநாக பேட்டரி ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளுமிடத்து, நிக்கல் பேட்டரி அதில் பத்தில் ஒரு பங்கே கொள்ளும். நாள்தோறும் ஏற்றவேண்டி வரும். ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் ஓட்ஸே என்னும் சிற்றூரில், இத்தகைய பேட்டரிகளைச் சூரிய ஒளியால் ஏற்றும் சார்ஜரைச் செவித்திறன் குறைந்த பணியாளர்களே உருவாக்கினர். கடைக்குச் சென்று பேட்டரி வாங்கவியலாத ஊர்களுக்கு அது தக்க வழியே.

இன்று நாங்கள் பரிந்துரைக்கும் மின்னேற்றக் கருவிகளில் இருப்பது லித்தியம்-அயனி பேட்டரி. 1991இல் சந்தைக்கு வந்து, 2019இல் அதன் ஆக்கத்திற்காக குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அதே நுட்பம்; நம் கைபேசிகளில் இருப்பதும் இதுவே. இரவில் மூன்று நான்கு மணி நேரம் ஏற்றினால் மறுநாள் உறங்கும்வரை வரும். தொலைக்காட்சி ஒலியையோ கைபேசி அழைப்பையோ புளூடூத் வழியே நேரடியாகக் கருவியில் கேட்பவருக்குச் சற்று முன்னதாகவே தீரும். முழுதும் தீர்ந்தபின்புதான் சார்ஜ் போடவேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் காலத்து நம்பிக்கை, லித்தியத்திற்குப் பொருந்தாது. சில ஆண்டுகளில் இதன் கொள்ளளவு குறையும் என்பது மெய். அப்போது பேட்டரியை மாற்றிப் பெற வேண்டியிருக்கும். வாங்கும்போதே அதற்கான செலவையும் கேட்டுக்கொள்க.

ஆரணியின் நெசவாளருக்கு இது பொருந்துமா? பெரும்பாலோர்க்குப் பொருந்தும் என்பதே எங்கள் கருத்து. கோடையில் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவரின் வியர்வை காதின் பின்புறமாக வழிந்து இறங்குகிறது. சாயப்பட்டறையில் நிற்பவரைக் கொதிநீர் ஆவி சூழ்ந்திருக்கிறது. இவ்வீரம் துத்தநாக பேட்டரியின் காற்றுத்துளைகளை அடைத்துவிட, "கம்பெனி பேட்டரியே சரியில்லை" என்று கடைக்காரர் பழி ஏற்கிறார். மூடி முத்திரையிட்ட லித்தியம் பேட்டரிக்கு இத்தொல்லை இல்லை. மேலும், சரிகை இழையைப் பிடித்துப் பழகிய விரல்களும் முதுமையில் நடுங்குகின்றன. கண்புரையும் சேர்ந்துவிட்டால் மிளகினும் சற்றே பெரிய பொத்தானைத் தலைகீழாகப் பொருத்துவது எளிதில் நேர்கிறது. கருவியைச் சார்ஜர் குழியில் வைப்பது அவருக்கு இயலும்.

எனினும் கவனிக்க வேண்டியவை உள. பட்டிழைத் தூசு மின்னேற்றும் முனைகளில் படிந்தால் ஏற்றம் நடைபெறாது; உலர்ந்த துணியால் நாள்தோறும் துடைத்தல் போதும். 40 பாகை வெயிலில் தகரக் கூரையடியிலோ சன்னலோரத்திலோ சார்ஜரை வைத்தல் லித்தியத்தின் ஆயுளைக் குறைக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்டால் முந்திய இரவே ஏற்றிவிடுக. அடிக்கடி மின்சாரம் தடைபடும் தெருவில் வசிப்போர், தன்னுள்ளேயே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெட்டி உள்ள மாதிரியைக் கேட்டு வாங்கலாம். விசைத்தறிக் கூடத்தில் பணிபுரிவோர்க்கு ஒரு சொல்: அணைத்து வைத்த காதொலிக் கருவி காதுக்குக் காப்பாகாது. அங்கே கருவியைக் கழற்றிவிட்டுக் காதடைப்பான் அணிக.

அரசு வழங்கும் சட்டைப்பைக் கருவியில் பென்சில் பேட்டரி இருப்பின், அதே அளவுள்ள நிக்கல் மின்னேற்ற பேட்டரியைப் பயன்படுத்தலாம். அது தீரும் தறுவாயில் முன்னறிவிப்பின்றி ஒலி சட்டென நின்றுவிடும். மாற்று ஒன்று எப்போதும் கையிலிருக்கட்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் செவிநத்தைக் கருவி பொருத்தப்படுகிறது. உள்ளே பொருத்திய பகுதிக்குத் தனி பேட்டரி கிடையாது. வெளியே அணியும் பகுதியே மின்சாரம் ஊட்டுகிறது. வெளிப்பகுதி நின்றால் குழந்தை முற்றும் கேளாத நிலைக்குத் திரும்புகிறது. பேச்சு கற்கும் பருவத்தில் இழந்த நாள்களை ஈடுசெய்தல் அரிது. ஆதலின் பள்ளிப் பையில் மாற்று பேட்டரி இருப்பதைப் பெற்றோர் காலைதோறும் உறுதி செய்க.

இனிச் சொல்வதை வீட்டிலுள்ள அனைவரும் படிக்க வேண்டுகிறோம். பொத்தான் பேட்டரி ஈரமான திசுவில் பட்டால் அங்கே காரம் உண்டாகி அரிக்கிறது. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாகலாம். ரிமோட்டில் இருக்கும் 20 மில்லிமீட்டர் லித்தியம் வில்லை மிகக் கொடியது. குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே 108 வண்டியிலோ வேறு வண்டியிலோ எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைக. வாந்தி எடுக்கச் செய்யாதீர். விழுங்கி 12 மணி நேரம் கடவாதிருந்து, குழந்தையும் ஒரு வயதைக் கடந்ததாயின், வரும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சிறுகரண்டித் தேன் கொடுக்கலாம். தேனைத் தேடிப் புறப்பாட்டைத் தாமதிக்க வேண்டா. மூக்கிலோ காதிலோ நுழைந்திருப்பின் சொட்டு மருந்து எதுவும் விடலாகாது, அரிப்பு மிகும்.

முதியோரும் இதில் தப்புவதில்லை. மாத்திரைப் பெட்டிக்கு அருகே வைத்த பேட்டரி, மாத்திரையென்றே வாய்க்குள் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்.

தீர்ந்த பேட்டரிகளையும் குப்பையில் எறியலாகாது. இரு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் உயரமான இடத்தில் சேர்த்துவைத்து, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எங்கள் பிரிவின் வாயிலில் உள்ள பெட்டியில் இடுக.